மருந்துக்கு முன் மண்



மாயர் என்றதும் கற்கோபுரங்களும் நாட்காட்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் படைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டு மலைச் சிற்றூர்களில் இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். அந்நாட்டில் 2014-15இல் நடந்த கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். பழங்குடிக் குழந்தைகளிடையே இது ஏறத்தாழ 58. இந்நிலைக்குக் காரணம் என்ன?

உணவைப் பற்றிய அறியாமை என்று நாம் எண்ணிவிடலாகாது. மாயப் பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து ரொட்டி சுடுகின்றனர். இதனால் உணவில் சுண்ணாம்புச் சத்து கூடுகிறது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நையாசின் என்னும் வைட்டமினும் உடலில் சேர்கிறது. இம்முறையை அறியாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகள் பெல்லாக்ரா நோய்க்கு ஆளாயினர். சோளத்துடன் அவரையும் சேர்ந்தால் புரதக் குறையும் பெரிதும் நீங்கும். ஆனால், இவற்றை விளைவிக்க நிலம் வேண்டுமல்லவா?

1524இல் ஸ்பானியர் படையெடுத்து வந்தனர். 1871க்குப் பின் காப்பிப் பயிர் பெருகியபோது, மாயர்களின் பொது நிலங்கள் பல கைமாறின. 1877இல் வந்த சட்டம் மலைவாழ் மக்களைக் கட்டாயமாகத் தோட்ட வேலைக்கு அனுப்ப வழி செய்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டமோ, நிலமற்றோரும் சிறு நிலத்தாரும் ஆண்டுக்கு 100 அல்லது 150 நாள் கூலி வேலை செய்தாக வேண்டும் என்றது. 1952இல் நிலச் சீர்திருத்தம் வந்தது. 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு அந்த ஆட்சி கவிழ்க்கப்படவே, வழங்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி மீண்டும் பறிபோயிற்று.

அறிவியலும் இம்மக்களை நாடிச் சென்றது. 1949இல் குவாத்தமாலா நகரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கழகம் ஒன்று தோன்றியது. அதன் ஆய்வாளர் லியோனார்டோ மாட்டா, சாந்தா மரியா காக்கே என்னும் மாயச் சிற்றூரில் 1964 முதல் 1972 வரை குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே கவனித்து வந்தார். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் பிற தொற்றுநோய்களும் குழந்தையை மெலியச் செய்கின்றன; மெலிந்த குழந்தையை நோய் மீண்டும் எளிதில் பற்றுகிறது. இந்தச் சுழலை அவரது ஆய்வு தெளிவாகக் காட்டியது.

1962இல் சிமால்தெனாங்கோவில் மருத்துவமனை தொடங்கிய அமெரிக்க மருத்துவர் கேரல் பெர்ஹார்ஸ்ட், இதையே நேரில் கண்டார். மருந்து மட்டும் போதாது என்று உணர்ந்த அவர், கக்சிகெல் மொழி பேசும் கிராமத்தாருக்கே பயிற்சியளித்துச் சுகாதாரத் தொண்டர்களாக்கினார். உழவர் நிலம் வாங்கக் கடனுதவித் திட்டமும் உருவாயிற்று. 1975இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பணியை எடுத்துக்காட்டாக வெளியிட்டது. 1978இல் அல்மா ஆத்தா மாநாடு, மக்கள் பங்கேற்கும் அடிப்படைச் சுகாதாரத்தை உலகுக்கே வலியுறுத்தியது.

ஆனால், அந்நாட்டில் 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போர் 1980களின் தொடக்கத்தில் மிகக் கொடுமையாயிற்று. சுகாதாரத் தொண்டர் பலரும் அதற்குப் பலியாயினர். மாண்டோரும் காணாமற்போனோரும் 2 இலட்சத்திற்கு மேல் என்று 1999இல் உண்மை ஆணையம் மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டோரில் நூற்றுக்கு 83 பேர் மாயர்.

நேயர்களே, ஒரு குழந்தையின் உயரத்தில் ஒரு நாட்டின் வரலாறே பதிந்திருக்கிறது. மருத்துவர் மருந்து தரலாம். அம்மருந்து பயன்தர, அடுப்பில் உணவும் அதை விளைவிக்க மண்ணும் வேண்டும். இதுவே மாயர் வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம்.