முப்பது பேர் என்ற கணக்கு

எங்கள் வாழவந்தி நாட்டில் ஒருவருக்கு மறதி கூடி, நடை தடுமாறி, சில மாதங்களிலேயே படுத்து இறந்துபோனால், "வயசாயிடுச்சு" என்பார்கள். இல்லையென்றால் காத்துக் கருப்பு என்பார்கள். அப்படிப் போனவர்களில் யாருக்காவது குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் இருந்ததா என்று நான் யோசிப்பதுண்டு.

1920, 1921இல் இதைப் பற்றி எழுதிய இரண்டு ஜெர்மன் மருத்துவர்களின் பெயர் அது. மூளையிலுள்ள ஒரு புரதம் உருமாறி, பக்கத்துப் புரதங்களையும் மாற்றிவிடும். மூளை கடற்பஞ்சுபோல் ஓட்டையாகும். 1982இல் ஸ்டான்லி புருசினர் அந்தப் புரதத்துக்குப் பிரியான் என்று பெயர் வைத்தார். 1997இல் நோபல் பரிசு பெற்றார். மருந்து இன்னும் இல்லை. பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1971 முதல் 1990 வரை நாடு முழுவதிலிருந்தும் சேர்த்த கணக்கில் இருந்தவர்கள் 30 பேர்தான். உலகக் கணக்கோ ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவர். 1971இல் நம் மக்கள்தொகை சுமார் 55 கோடி. முதியவர்கள் அப்போது குறைவு என்று கழித்தாலும் வித்தியாசம் பெரிது. நோயை உறுதிசெய்ய மூளைத் திசுவைச் சோதிக்க வேண்டும். நம் வீடுகளில் இறந்தவர் உடலில் கத்தி வைக்க யார் சம்மதிப்பார்கள்? நோய் குறைவாக இருந்ததைவிட, கண்டவர்கள் குறைவு என்பதே என் எண்ணம்.

தொட்டுப் பணிவிடை செய்தால் இது ஒட்டாது. மறதி வேகமாக வந்தால் 70 வளைவும் இறங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். அது குணமாகக்கூடிய வேறு நோயாகவும் இருக்கலாம்.