பங்கும் தலைவரியும்: வன்னியிற் பொதுவழிப் பொறுப்புக் குறித்து

வீட்டையடுத்த நடைபாதையைப் பேணுவது வீட்டுக்காரனின் கடமையா, ஊராட்சியின் கடமையா என்ற வினா நகரத்துக்கே உரியதாகத் தோன்றலாம். துணுக்காயிற் கற்பதித்த நடைபாதையைத் தேடிப் பயனில்லை. ஆயினும், தன் நிலத்தையொட்டிய பொதுவழிக்கு ஒருவன் எவ்வளவு உழைக்கக் கடமைப்பட்டவன் என்ற பிரச்சினை வன்னிக்கு மிகப் பழையது. சிறு குளங்களின் கட்டே அங்கு நடைவழியுமாகும். எனவே குளக்கட்டிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

வரண்ட வலயக் குளக் கிராமங்களிற் கட்டின் பராமரிப்புப் பங்கு முறையில் அமைந்திருந்தது. ஒருவனுக்குள்ள வயலின் அளவுக்கேற்ப, கட்டில் ஒரு நீளத்தை அவன் துப்புரவாக்கி, மண்ணரிப்பை அடைத்துப் பேண வேண்டும். பொறுப்பின் அளவுகோல் ஆளன்று, நிலமே. இதனைப் பொற்காலச் சமத்துவமாகக் காண்போருடன் நாம் உடன்படுவதற்கில்லை. உடைமையாளனின் பங்கை மண்வெட்டியெடுத்துச் செய்து முடித்தவன் பெரும்பாலும் வாரக்குடியோ கூலியாளோதான். எனினும் கடமை சொத்தைத் தொடர்ந்து சென்றது என்பது மனங்கொளத்தக்கது. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், 1856இல் இயற்றப்பட்ட நெல்வயல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்கங்களுக்குச் சட்டவலு அளித்தது.

வீதியின் கதை வேறு. இராசகாரியம் எனும் கட்டாய ஊழியம் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. ஆளுநர் டொறிங்ரனின் ஆட்சியில், 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் அதனை வேறு உருவில் மீளக் கொணர்ந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும். கோப்பித் தோட்ட முதலாளிக்கும் ஆறு நாள். காணியற்ற குடியானவனுக்கும் ஆறு நாள். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணம். இங்கிலாந்திலும் 1563 முதல் ஆறு நாள் வீதியுழைப்பே சட்டமாக இருந்தது. அதனை அந்நாடு 1835இல் ஒழித்துவிட்டது. தன் குடிகளை விடுவித்துப் பதின்மூன்று ஆண்டுகளின் பின், அதே ஆறு நாளைக் குடியேற்ற நாட்டு மக்களின் தலையிற் கட்டியது! சோழர் கல்வெட்டுகளில் ஊதியமற்ற உழைப்பைக் குறித்த ‘வெட்டி’ எனுஞ் சொல் இன்று பயனின்மையைச் சுட்டுவது தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம்.

முதலாளித்துவ நகரங்களும் உடைமையின் வேறுபாட்டை அறியாதவையல்ல. நடைபாதை விபத்துக்கான பொறுப்பை அடுத்துள்ள கட்டட உரிமையாளர்மீது 2003இற் சுமத்திய நியூயோர்க், உரிமையாளரே வாழும், மூன்று குடும்பங்களுக்கு மேற்படாத வீடுகளுக்கு விலக்களித்தது.

துணுக்காயில் ‘உரிமையாளர்’ என்ற சொல்லே சிக்கலானது. வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களின் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றை வைத்திருப்பவர் விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. இறுதி உடைமையாளர் அரசே. அவரிடம் உரிமையாளரின் கடமையைக் கோருவது உடைமையின்றிச் சுமையை மட்டும் அளிப்பதாகும். மறுபுறம், 2008இற் போரினால் மக்கள் முற்றாக இடம்பெயர்ந்து, 2009இன் இறுதியில் மீளத் திரும்பத் தொடங்கியபோது, எல்லோரும் திரும்பவில்லை. வெளிநாட்டிலுள்ள உறுதிக்காரரின் வேலியோரப் பற்றையை வெட்டுபவர், அவ்வொழுங்கையாற் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அயலவரே. அவர் கையில் அக்காணியின் ஒரு பிடி மண்ணும் இல்லை.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி ஊர் வீதிகள் சபையின் பொறுப்பிலுள்ளன. வெட்டுக்கூலியைச் சபை அயலவருக்கு வழங்கி, வராதிருக்கும் உறுதிக்காரரின் காணிமீது அதன் அளவுக்கேற்ப அறவிடலாம்; அனுமதிப்பத்திரக்காரரின் பங்கை அரசு ஏற்கலாம்.