நாற்காலியை ஒதுக்கினால் மட்டும் போதுமா?

உங்களில் சிலர் அரசுப் பணியில் இருக்கிறீர்கள். சிலர் வீட்டில் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். புத்தகத்தில் ஒரே வரியாக வரும் பஞ்சாயத்துச் சட்டம் நம் பக்கத்தில் எப்படி நடந்தது என்று அவர்களுக்காக எழுதுகிறேன்.

1993-இல் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஊராட்சித் தலைவர் பதவிகளில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1996-இல் தேர்தல். காகிதத்தில் குறையே இல்லை.

திருக்கோஷ்டியூரிலிருந்து மேற்கே போனால் மேலூர் வட்டாரத்தில் மேலவளவு. ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் எதிர்ப்பை மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும்போது அவர் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சட்டம் பதவியைக் கொடுத்தது. பாதுகாப்பைக் கொடுக்க ஆளில்லை.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் வேறு விதம். அதிகாரிகள் விதிப்படி தேர்தலைத் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். சில முறை மனுவே வரவில்லை. சில முறை ஜெயித்தவர் கையோடு ராஜினாமா செய்தார். பத்து ஆண்டு இப்படியே போனது.

காரணம் எளிது. வாக்கு ரகசியம், வேட்புமனு ரகசியமல்ல. யார் நிலத்தில் கூலி வேலையோ, அவரை எதிர்த்து மனுப்போட்டால் மறுநாள் அடுப்பு எரியுமா? கோப்பில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

2006-இல் மதுரை ஆட்சியராக இருந்த உதயசந்திரன் தம் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர்களுக்கு நேரில் போனார். இரு தரப்போடும் உட்கார்ந்து பேசினார். அந்த அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். நவம்பரில் முதல்வர் கலைஞர் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அவர்களைப் பாராட்டினார்.

1996-இலும் 2006-இலும் சட்டம் அதேதான். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த விதம்தான் மாறியது. அதற்காகச் சட்டம் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். அது இல்லையென்றால் பேசப் போவதற்கே ஆட்சியருக்கு முகாந்திரம் இருந்திருக்காது.

அரசு மேசையில் உட்காரும் பிள்ளைகளே, "விதிப்படி அறிவித்தாயிற்று" என்று எழுதிக் கோப்பை மூடுமுன், அந்த விதியை நம்பி முன்னே வருகிறவன் மறுநாளும் அதே ஊரில்தான் வாழ வேண்டும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.