கொழும்பில் வாழ்ந்தவர்கள்: கிளார்க்கின் கடல்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் தெகிவளை மிருகக்காட்சிசாலை. அங்கே பணியாற்றியவர் ரொட்னி ஜோன்க்ளாஸ், தேர்ந்த சுழியோடி. 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியா போகும் கப்பல் கொழும்பில் சில மணி நேரம் நின்றபோது, ஆர்தர் சி. கிளார்க் அவரைச் சந்தித்தார். 1956இல் நண்பர் மைக் வில்சனோடு இங்கேயே குடிவந்துவிட்டார். 2008இல் பொரளை கனத்தையில் அடக்கமாகும்வரை இந்தத் தீவே அவருக்கு வீடு.

விண்வெளி நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர், கடலைப் பற்றியும் புத்தகம் புத்தகமாக எழுதினார். இன்று அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. எடையற்று மிதக்கும் அனுபவத்தைப் பூமியிலேயே பெறத்தான் அவர் சுழியோடப் பழகினார். தீவு அதற்கு வாகாக அமைந்தது. சோழகம் வீசும் மாதங்களில் கொழும்புக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலைப் பக்கம் அடி தெரியும். வாடை தொடங்கினால் கிழக்கு கலங்கும், மேற்கு தெளியும்.

அந்தத் திருகோணமலைக் கடல்தான் நமக்கு முக்கியம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். மிச்சம் கடலில் விழுந்தது. 1956இல் சுவாமி மலையின் அடியில் சுழியோடிய வில்சன், செதுக்கிய தூண்களைக் கண்டார். 1957இல் வந்த ‘தி ரீஃப்ஸ் ஆஃப் தப்ரோபேன்’ நூலில் கிளார்க் இதைப் பதிவு செய்தார். நம் பிள்ளைகள் அவருடைய ராக்கெட்டுகளுக்கு முன்னால் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பேன்.

1961இல் இன்னொரு அதிசயம். தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்தருகே, வில்சனும் இரண்டு பையன்களும் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார்கள். மேலே வந்தவை ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள். சூரத்தில் அச்சிட்டவை, 1702ஆம் ஆண்டுக்குரியவை. ஏறக்குறைய ஆயிரம் நாணயங்கள் ஒரே கட்டியாக இறுகி, தாம் கிடந்த பையின் வடிவத்திலேயே இருந்தன; பைதான் இல்லை. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே அந்தத் திட்டை நெருங்க முடியும். இதை விவரிக்கும் கிளார்க்கின் நூல் 1964இல் வந்தது.

அதற்குள் 1962இல் போலியோ அவரை முடக்கிப் போட்டிருந்தது. தேறிய பின்னும் சுழியோடுவதை அவர் விடவில்லை.

அடுத்த வாரம்: 1929இல் வெள்ளவத்தைக் கடற்கரையில் தனியே வாழ்ந்த சிலி நாட்டுத் தூதரக அதிகாரி, கவிஞர் பாப்லோ நெருடா.