வலுவூட்டல் அட்டவணையும் தமிழ்நாட்டுப் பரிசுச்சீட்டும்

ஒரு செயலுக்குப் பலன் எத்தனை தடவைக்கு ஒருமுறை, அல்லது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கிடைக்கிறது என்ற ஒழுங்கே வலுவூட்டல் அட்டவணை. அது தெரிந்தால் செயலின் வேகத்தையும், பலன் நின்றபின் அது எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லலாம் என்பது நடத்தையியலாரின் கட்சி.

இந்த ஆய்வைத் தொடங்கிவைத்தது ஒரு தட்டுப்பாடு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளுக்கான தீனி உருண்டைகளைத் தாமே தயாரித்துவந்தார். ஒரு சனிக்கிழமை பார்த்தால், இருப்பு திங்கள் காலைக்கு மேல் தாங்காது. எலி நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் ஓர் உருண்டை கொடுப்பதை விட்டு, நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலி சளைக்காமல் அழுத்தியது. பின்னர் சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் 1957இல் நூலாயின. இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்றால் புறா தின்றதும் சற்று ஓய்கிறது. இவ்வளவு நேரத்துக்கு ஒரு தீனி என்றால் முதலில் மெத்தனம், நேரம் நெருங்க நெருங்க அவசரம். எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாதபோதோ ஓயாமல் கொத்துகிறது. தீனியை நிறுத்தினாலும் எளிதில் விடுவதில்லை. சூதாட்டம் இந்த வகைதான் என்று ஸ்கின்னரே எழுதினார்.

தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சியில் 1968இல் அரசுப் பரிசுச்சீட்டு வந்தது. சீட்டு வாங்கிக் குலுக்கல் நாளுக்குக் காத்திருந்த காலம் போய், அன்றன்றே முடிவு தெரியும் ஒரு நம்பர் லாட்டரியும் சுரண்டல் லாட்டரியும் பெட்டிக்கடைக்கு வந்தன. தோற்ற கையோடு அடுத்த சீட்டு. 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசுக்குத் தடை போட்டது. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றது. சட்டம் எழுதியவர்கள் ஸ்கின்னரைப் படித்தார்களோ இல்லையோ, கைவைத்தது அட்டவணையில்தான். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியை அடியோடு தடைசெய்தது. ஆனாலும் மூன்று நம்பர் லாட்டரி விற்றவர்கள் கைது என்ற செய்தி இன்றும் வருகிறது.

புறாக் கணக்கை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. பெரிய பரிசை வாழ்நாளில் பார்க்காதவரும் சீட்டு வாங்கினார். பக்கத்துத் தெருக்காரருக்கு விழுந்த செய்தியும், கடைசி ஓர் எண்ணில் தப்பிய ஆதங்கமும் போதுமானவையாக இருந்தன. கூண்டுப் புறாவுக்கு நாளிதழ் முடிவுப் பக்கம் கிடையாது.

பின்னர் வந்த இணைய ரம்மியில் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. பணம் வைத்து ஆடுவோருக்குத் தமிழ்நாட்டின் 2025 விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை தடை விதித்தன. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது.