பாரம்

பினாங்கு ஃபெரி என்றாலே உப்புக்காற்று, மஞ்சள் படகு, பழைய காதல் என்று எழுதத் தொடங்கிவிடுகிறோம். 1988 ஜூலை 31 அதில் அதிகம் வருவதில்லை.

அன்று ஞாயிறு. ஜார்ஜ் டவுனில் குவான் யின் விழா. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா, தமிழர்களும் திரளாகப் போவது. முடித்துத் தீவுக்குத் திரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம். எல்லாரும் பட்டர்வொர்த்தில் ஒரே படகுத்துறைக்குத்தான் வந்தாக வேண்டும். பாலம் 1985லேயே திறந்தாச்சு. ஆனா 13.5 கிலோமீட்டர் பாலத்தை நடந்தா கடக்க முடியும்? வண்டி இல்லாதவங்களுக்கு ஃபெரிதான்.

பிற்பகலில், படகுக்குக் காத்திருந்தவர்களின் பாரம் தாங்காமல் நடைமேடை இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,634 பேருக்குக் காயம்.

பொறியியல் வகுப்பில் இதற்கு 'லைவ் லோட்' என்று பெயர். கூட்டம் கூடும் தளமா, சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். கணக்குப் பார்த்தால் அது ஒரு சதுர மீட்டரில் ஏழெட்டுப் பேர், தோளோடு தோள் ஒட்டி, குழந்தையும் பையுமாக. அந்த எண்ணுக்குள் ஆட்கள் நிற்பதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பழைய இரட்டை அடுக்கு ஃபெரிகள் 2020 கடைசிவரை பயணிகளை ஏற்றின. 2023 ஆகஸ்டில் புதுப் படகுகள் வந்தன. துறைக்கு இன்றும் அதே பெயர்: சுல்தான் அப்துல் ஹாலிம்.