லினக்ஸ் சோதனைத் திட்டம்

லினக்ஸ் சோதனைத் திட்டம் என்பது லினக்ஸ் கருனி எதிர்பார்த்தவாறு இயங்குகிறதா எனத் தானியங்கியாகச் சரிபார்க்கும் சோதனை நிரல்களின் தொகுப்பு ஆகும். எஸ்.ஜி.ஐ. நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தை ஐ.பி.எம்., சிஸ்கோ, ஃபுஜிட்சு, சூசே, ரெட் ஹாட் முதலிய நிறுவனங்களின் பொறியாளர்களும் பிறரும் வளர்த்து வந்துள்ளனர். கட்டற்ற மென்பொருளான இதன் சோதனைகளுள் பெரும்பாலானவை சி மொழியில் எழுதப்பட்டவை. சில ஷெல் நிரல்கள் ஆகும். பழைய சோதனைகளை ஒருங்கிணைத்துப் புதுப்பிக்கும் பணிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

உள்ளடக்கம்

அமைப்பு அழைப்புகள், நினைவக மேலாண்மை, கோப்பு முறைமைகள், வலையமைப்பு ஆகியவற்றுக்கான சோதனைகள் இதில் அடங்கும். தனித் திட்டமாக இருந்த திறந்த பாசிக்ஸ் சோதனைத் தொகுதியும் பின்னர் இதனுடன் இணைக்கப்பட்டது. அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் சோதனைகள் உண்டு. 2016 இல் வெளிப்பட்ட டர்ட்டி கவ் ஓட்டைக்கான சோதனை அவற்றுள் ஒன்று.

பழைய சோதனைகளின் குறைகள்

பல ஆண்டுகளாகப் பலர் எழுதியதால் சோதனைகள் ஒரே சீராக அமையவில்லை. தற்காலிகக் கோப்புகளை நீக்குதல் போன்ற பொதுப் பணிகளுக்கான நிரல்வரிகள் ஒவ்வொரு சோதனையிலும் திரும்பத் திரும்ப இடம்பெற்றன. மற்றொரு செயல்முறை ஆயத்தமாவதற்காகச் சில சோதனைகள் குறித்த நொடிகள் மட்டும் காத்திருந்தன. பளு மிகுந்த கணினியில் அந்நேரம் போதாமல், கருனியில் வழு இல்லாதபோதும் அவை தோல்வி காட்டின. இத்தகைய பொய்த் தோல்விகள் பெருகினால், உண்மையான தோல்வியையும் பொறியாளர்கள் பொருட்படுத்தாமல் விடுவர். இதுவும் புதுப்பித்தலுக்கான ஒரு காரணம் ஆகும்.

புதிய நிரலகம்

2016 இல் புதிய சோதனை நிரலகம் அறிமுகமானது. இதன் முக்கியக் கூறுகள்:

* சோதனைக்குத் தேவையானவை (மீப்பயனர் உரிமை, தற்காலிக அடைவு, குறைந்தபட்சக் கருனிப் பதிப்பு முதலியன) ஒரே தரவுக் கட்டமைப்பில் அறிவிக்கப்படுகின்றன. அவற்றை நிரலகமே ஏற்பாடு செய்கிறது அல்லது சரிபார்க்கிறது.
* சோதனை தனிச் செயல்முறையாக இயங்குகிறது. காலவரம்பைக் கடந்தால் நிரலகம் அதை நிறுத்துகிறது.
* முடிவுகள் பகிர்வு நினைவகத்தில் பதிவாவதால், சேய்ச் செயல்முறைகள் கண்ட தோல்விகளும் தவறாமல் கணக்கில் சேர்கின்றன.
* வெற்றி, தோல்வி என்பவற்றோடு, சோதனையையே நடத்த இயலாமை, அக்கணினிக்குப் பொருந்தாமை ஆகியவையும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன.

வழு திருத்தப்பட்ட மாற்றத்தின் அடையாள எண்ணையும் சோதனையில் குறிக்கலாம். சோதனை தோற்றால், எந்தத் திருத்தம் விடுபட்டிருக்கக்கூடும் என்பதை நிரலகம் தெரிவிக்கும்.

இயக்கும் கருவி

சோதிக்கப்படும் கணினியிலேயே இயக்கும் கருவியும் இருந்தால், கருனி முடங்கும்போது கருவியும் உடன் முடங்கிவிடும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கிர்க் என்னும் புதிய கருவி, மெய்நிகர் கணினியிலோ தொலைவிலுள்ள கணினியிலோ சோதனைகளை வெளியிலிருந்து இயக்க வல்லது.

மாற்றும் முறை

பழைய சோதனைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கைவிடப்படவில்லை. இரு இடைமுகங்களும் அருகருகே பேணப்பட, சோதனைகள் சிறிது சிறிதாக மாற்றப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றையும் மாற்றும்போது அது உண்மையில் எதைச் சோதிக்கிறது என்பது மீளாய்வு செய்யப்படுகிறது, பயனற்றவை நீக்கப்படுகின்றன. எனவே இப்பணியில் சோதனைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் நம்பகத்தன்மையே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.